மடித்துத் தைத்த பட்டி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ என் சாப்பாட்டு மேசையில் எறிந்துவிட்டுப் போன ஆசனப்பட்டி இரண்டு நாள் அதே இடத்தில் கிடந்தது. அதைத் தொடாமல், மேசையின் ஒரு மூலையில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். நீ கேட்டது பெரிய உதவி அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆவணியில் உன் மகள் அபிக்குக் கல்யாணம். அவள் உன் அப்பாவின் பழைய பிக்கப்பில் மண்டபத்து வாசலில் வந்து இறங்க ஆசைப்படுகிறாள். நீ இரண்டு வருடமாக அந்த வாகனத்தின் துருவைச் சுரண்டி, தகடு ஒட்டி, நிறம் பூசி, தெருக்களில் குளிர்காலத்து உப்பு முழுவதும் கழுவப்படும்வரை காத்திருந்து, இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறாய். புதிய பட்டிகளும் வாங்கிப் பூட்டினாய். பூட்டிய பட்டி அபியின் தோளில் படாமல் கழுத்தை அறுக்கிறது. இடுப்பில் படியாமல் வயிற்றில் ஏறுகிறது. ஆகவே கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாய். "அம்மா, நீங்கள் இருவத்திரண்டு வருசம் பாக் தைச்ச ஆள்தானே. ரெண்டு இஞ்சு மடிச்சு ஒரு தையல் போட்டுத் தாங்கோ" என்றாய். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாய். நான் தேத்தண்ணீர் போடப் போனேன். "நல்ல காரியம் ஒண்டுக்கு ஒரு கை குடுக்கச் சொன்னால் உங்களுக்கு ஏலாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். சாத்திய சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரி மேலே ஏறி வந்து, எனக்குச் சுகமா என்று பிரெஞ்சில் விசாரித்தாள். சுகம் என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. இந்தக் கடிதம் அந்தப் பயிற்சியைப் பற்றியது.

இதை உனக்கு மட்டும் எழுதி உறையிலிட்டு அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நம்மவர்கள் நடத்தும் மாத இதழுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். உன் அப்பாவைப் பற்றி இந்த நகரத்துத் தமிழர் முப்பத்தாறு வருடமாகச் சொல்லி வரும் வாக்கியம் ஒன்று உண்டு: குடித்துவிட்டு வாகனம் ஓட்டி, பெற்ற மகளின் கண்ணைப் போக்கிய மனிதர். செயின்ட்-மிஷேலில் கடை வாசலில் சொன்னார்கள். லாசாலில் பிறந்தநாள் விழாவில் சொன்னார்கள். அவருடைய செத்தவீட்டிலேயே, கோப்பி குடித்தபடி, குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்கள். ஊர் கேட்கச் சொன்னதை உறைக்குள் வைத்து மறுப்பது நியாயமல்ல. இதழில் வருமுன் நீ படிக்கவேண்டும் என்பதால் முதற்பிரதியை உன் தங்கை வாணி கொண்டுவந்து தருகிறாள். நிறுத்தச் சொல்லித் தொலைபேசி எடுக்காதே.

அந்த பிக்கப் நம்மிடம் வந்தபோதே பழையது. நகரத்துக்கு வெளியே இருந்த கிழட்டு விவசாயி ஒருவரிடம் உன் அப்பா அதை வாங்கினார். ஊரில் வங்கியில் மேசையும் மின்விசிறியும் வைத்திருந்த மனிதர் இங்கே கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். யூலை முதலாம் திகதி இந்த நகரமே வீடு மாறும் அல்லவா? அன்று விடியற்காலை தொடங்கி, பிறர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளை முதுகில் சுமந்து, வெளிப்புறத்து இரும்புப் படிகளில் வளைந்து வளைந்து இறக்குவார். நீ அதைப் பார்த்து வெட்கப்பட்டாய். நானும் வெட்கப்பட்டேன். நீ சிறுவன், உன்னை மன்னிக்கலாம். நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, ஊரில் உயர்தர வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். லாசாலில் பயணப்பை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் கைபிடிப் பட்டிகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். என் கல்விக்கு அங்கே யாரும் மரியாதை தரவில்லை. ஆகவே அந்த மரியாதை முழுவதையும் வீட்டில் வசூலித்தேன். உன் அப்பா அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். நான் வாதத்தில் வென்ற போதெல்லாம் "சரி ரீச்சர்" என்பார். அநேகமாக ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டி இருந்தது.

அந்த வாகனத்தின் முன்னிருக்கை பெஞ்சுபோல் நீளமான ஒற்றை வாங்கு. ஓரங்களில் இருந்தவர்களுக்குத் தோளிலிருந்து வரும் பட்டி. நடுவில் இருப்பவருக்கு இடுப்புப் பட்டி மட்டும். விட்டால் தானாகச் சுருண்டு உள்ளே போகும் பட்டி அல்ல அது. வேண்டிய அளவுக்குக் கையால் இழுத்து நிறுத்தவேண்டும். வளர்ந்தவர்களை எண்ணிச் செய்தது. ஒன்பது வயது வாணிக்கு, முழுவதும் இறுக்கிய பின்பும் இடையில் என் முழங்கை போகும். உன் அப்பா அதைக் கவனித்துக் கவலைப்பட்டார். அந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு வியாழன் அன்று நம் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குப் பகல் முகூர்த்தம். மூவரும் அதில்தான் போகவேண்டும். உனக்குச் சோதனை, நீ வரவில்லை. நான் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அவர் சொன்னது இப்போதும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"இஞ்சரும், உதைத் தைக்காதையும். சனிக்கிழமை பழைய வாகனம் உடைக்கிற இடத்துக்குப் போய்க் கட்டைப் பெல்ற் ஒண்டு பார்த்துக் கொண்டாறன். அதுவரைக்கும் பிள்ளை பஸ்ஸிலை வரட்டும்."

பட்டுச்சேலையோடு பேருந்தில் ஏறுவதா என்று நான் கேட்டேன். பிறகு, நீங்கள் படித்தது கணக்கு, நான் படித்தது பௌதிகம், இழுவிசை பற்றி எனக்கு வகுப்பு எடுக்கவேண்டாம் என்றேன். அவர் "சரி ரீச்சர்" என்றுவிட்டுக் குளிக்கப் போனார். என் சொல்லை ஏற்றுக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் தைக்கமாட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நான் ஆணி முறுக்கும் சாவியை எடுத்து, வாகனத்தின் தரையிலிருந்து பட்டியின் ஆணியைக் கழற்றி, பட்டியின் பாதியை மறுநாள் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். மதிய இடைவேளையில் நான்கு விரல் அகலம் மடித்து, பயணப்பைக் கைபிடிக்குப் போடுவதுபோல் ஒரு சதுரமும் அதற்குள் குறுக்கும் மறுக்குமாக ஒரு பெருக்கலும் போட்டுத் தைத்தேன். அந்த வாரம் நீலப் பைகள் ஓடிக்கொண்டிருந்தன. இயந்திரத்தில் நீல நூல் இருந்தது. கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்து இயந்திரத்தில் இருந்த போர்த்துக்கேயப் பெண்ணும் இழுத்துப் பார்த்து, யானையைக் கட்டலாம் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மாலை அவர் வருமுன் திரும்பப் பூட்டிவிட்டேன். தைத்த இடம் இருக்கையின் இடுக்குக்குள் போய் மறைந்துகொண்டது. வியாழக்கிழமை புறப்படும்போது, "பெல்ற் பிள்ளைக்கு இறுக்கமா இருக்கோ?" என்று கேட்டார். தைத்தேன் என்றால் மறுபடி பேருந்துப் பேச்சு வரும் என்று, இழுத்துக் காட்டி, இருக்கிறது, பழைய பிடியைச் சரிசெய்துவிட்டேன் என்றேன். அது என் முதற்பொய்.

கல்யாணவீட்டில் உன் அப்பா ஒரு கிளாஸ் விஸ்கி குடித்தார். ஒன்று. நான் எண்ணினேன் என்பதிலிருந்தே என்னை நீ அறியலாம். சாப்பிட்டு, நான்கு மணிநேரம் இருந்து, பின்னேரம் நல்ல வெளிச்சத்தில் திரும்பினோம். தெருமுனையில் பால், பாண் விற்கும் டெபனர் கடையின் பக்கத்திலிருந்து ஒரு கார் பாராமல் பின்னோக்கி வந்தது. அவர் உடனே பிரேக் பிடித்தார். பிந்தவில்லை. மோதவும் இல்லை. அந்தக் காருக்கும் நமக்கும் இடையில் ஒரு ஆள் நின்றிருக்கலாம். நிறுத்திய வேகத்தில் என் இடுப்புக்குப் பக்கத்தில் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பட்டி அறவில்லை, தம்பி. தையல்தான் அறுந்தது. மடிப்பு விரிந்து, பட்டி தன் பழைய நீளத்துக்கு ஒரே கணத்தில் திரும்பியது. முதலிலேயே தளர்வாக இருந்திருந்தால் குழந்தை கைகளை முன்னே ஊன்றியிருப்பாள். இறுக்கமாக இருக்கிறது என்று நம்பிச் சாய்ந்திருந்தாள். முன்பலகை அந்தக் காலத்து இரும்பு, விளிம்பு கூரானது. அவளுடைய இடது கண்ணைப் பற்றி மேலும் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும்.

பொலிஸ்காரர் உன் அப்பாவைக் குழாயில் ஊதச் சொன்னார். அளவுக்கு மிகவும் கீழே. சட்டம் அவரை அங்கேயே விட்டுவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் இரண்டு நாற்காலிகளில் இருந்தோம். அவர் கால்சட்டைப் பைக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தார். உள்ளங்கையில் நீல நூல் துண்டுகள். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியம் வந்திராது. "நான்தானே வாகனம் ஓடினனான்," என்றார். "அது என்னோடையே இருக்கட்டும். பிள்ளையளுக்குத் தாய் வேணும்." அவர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தார். நான் அதை வசதி என்று எடுத்துக்கொண்டேன்.

வாணியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் உனக்கும் நினைவிருக்கும். உனக்குப் பதினாறு வயது. கல்யாணவீட்டில் யாரோ விஸ்கியைப் பார்த்துவிட்டு உன் காதில் போட்டிருந்தார்கள். நீ அடுப்படி வாசலில் நின்று, அவர் முகத்தைப் பாராமல், "குடிச்சுப்போட்டு ஓடினீங்கள். அதாலைதான் அவளுக்குக் கண் போனது. இனி என்னோடை கதைக்காதேங்கோ" என்றாய். உன் அப்பா என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை அல்ல. விடை தெரிந்த ஆள் எழுந்து சொல்லட்டும் என்று வகுப்பில் காத்திருக்கும் பார்வை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மூன்று தண்ணீர் போதும். அன்று ஏழெட்டுத் தண்ணீர் களைந்தேன். திரும்பிப் பார்த்தபோது அடுப்படியில் யாரும் இருக்கவில்லை.

அதன் பின் முப்பத்துமூன்று வருடம் அவர் உயிரோடிருந்தார். பிக்கப்பை அதை விற்ற கிழவரின் களஞ்சியத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பேருந்திலும் மெற்றோவிலும் வேலைக்குப் போனார். நீ வேறு நகரம் போனாய், திரும்பி வந்தாய், கல்யாணம் செய்தாய். தொலைபேசியை அவர் எடுத்தால் நீ சொல்லும் இரண்டு சொற்கள் "அம்மாட்டைக் குடுங்கோ." அவர் என்னிடம் நீட்டுவார். ஒவ்வொரு முறையும் நான் வாங்கி, சாப்பிட்டாயா என்று உன்னிடம் கேட்டேன். உன் தந்தையை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் நான் இருந்துகொண்டு, நீ என்மேல் வைத்த பாசத்தை முழுவதும் அனுபவித்தேன். மின்தகனத்தில் நீ பொத்தானை அழுத்தியபோது உன் முகத்தில் எதுவும் அசையவில்லை. கடமை செய்த மகன் என்று எல்லோரும் உன்னை மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

பிறகு அந்த வாகனத்தை நீ தேடிப் போய் எடுத்துவந்தாய். பழைய வாகனங்களில் உனக்குப் பிரியம். "வாகனத்திலை என்ன பிழை இருக்கு?" என்று என்னிடமே கேட்டாய். அதன் ஒவ்வொரு கீறலையும் விரலால் தடவி நிரப்பினாய். வாகனத்தை மன்னித்துவிட்டாய், தம்பி. ஓட்டியவரை மன்னிக்க உனக்கு மனம் வரவில்லை. அதில் உன்னைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அது எனக்குக் கசந்தது. நீ அழைப்பிதழின் மாதிரியைத் தொலைபேசியில் காட்டிய அன்று அந்தக் கசப்பு முற்றியது. மாப்பிள்ளை பக்கத்தில் காலஞ்சென்ற பாட்டன் பெயர்கூட முறையாக இருந்தது. நம் பக்கத்தில் என் பெயர் மட்டும். "இடம் காணாது அம்மா" என்றாய். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ பட்டியைக் கொண்டுவந்து, அதே கையால், அதே தையலை, மணக்கோலத்தில் இருக்கும் உன் மகளுக்குப் போடச் சொன்னாய். இதற்கு மேலும் மறைக்க இடம் இல்லை.

புதன்கிழமை வாணி டோர்வலில் வேலை முடித்து இங்கே வந்தாள். அவளுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்பதால், உட்காரச் சொல்லி முழுவதையும் சொன்னேன். அவள் மேலங்கியைக் கழற்றாமலே கேட்டாள். பிறகு, "தெரியும்" என்றாள். "நீங்கள் சீற்றுக்குக் கீழை பூட்டேக்கை ரோர்ச் பிடிச்சது ஆர் எண்டு நினைக்கிறீங்கள்?"

நான் அதை மறந்தே போயிருந்தேன். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டுதான் இருந்தனான். அண்ணை அப்பாவைப் பேசேக்கை நீங்கள் பேசாமல் நிண்டீங்கள். ரெண்டு கண்ணும் உள்ள ஆக்கள் முதலிலை கதைக்கட்டும் எண்டு விட்டனான்." பிறகு எழுந்து, எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள். சீனி போடவில்லை. அவளுடைய நாக்கு என்னுடையது. பொறுமை அவரிடமிருந்து வந்தது.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். உன் பட்டியில் பழுது இல்லை, பூட்டிய இடத்தில்தான் பழுது. அபியைக் காற்சட்டையோடு அல்ல, கல்யாணச் சேலையும் உட்பாவாடையுமாக அந்த வாங்கில் இருத்திப் பார். இடுப்புப் பட்டி வயிற்றில் அல்ல, இரண்டு பக்கத்து இடுப்பெலும்பிலும் தாழ்ந்து படியவேண்டும். கொழுக்கி வரும் தண்டு நீளமாக இருப்பதால்தான் அது வயிற்றுக்கு ஏறுகிறது. கட்டையான தண்டு வாங்கு. தோள்பட்டி கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில், காறையெலும்பின் மேல் போகவேண்டும். மேல் ஆணி உன்னைப்போல் உயரமான ஆம்பிளைக்கு அளந்த இடத்தில் இருக்கிறது. அதைக் கீழே இறக்கவேண்டும். மெல்லிய தகட்டில் நீயே துளைபோட்டு முறுக்காதே; பின்னால் கனத்த தகடு வைத்துப் பூட்டத் தெரிந்த ஒருவரிடம் விடு. இழுக்கும்போது பட்டி பாதியில் இறுகி நிற்கிறது என்றும் குறைப்பட்டாய். பட்டி சுருண்டு உள்ளே போகும் பெட்டியைச் சரிவாகப் பூட்டியிருப்பாய். அதற்குள் ஒரு சிறு இரும்புக் குண்டு தொங்குகிறது. வாகனம் நிமிர்ந்து நின்றாலும் பெட்டி சரிந்திருந்தால், விழுகிறோம் என்று நினைத்து அது பூட்டிக்கொள்ளும். நிமிர்த்திப் பூட்டு. ஒட்டியாணத்தைக் கழற்றி மடியில் வைத்திருக்கச் சொல். இறங்கிய பின் போடட்டும். சேலை கசங்காமல் இருக்கப் பட்டியை ஊக்குக் குத்தித் தளர்த்தி வைக்க யாராவது ஒரு மாமி முன்வருவாள். அவளைப் பின்னால் வரும் பேருந்தில் ஏற்று. எப்படியும் நீ புதுப் பட்டி வாங்கவேண்டும்; அவளுக்கு அளவானதாக வாங்கு. மடிக்காதே. தைக்காதே. பயணப்பைக்குப் போதுமான தையல் பிள்ளைக்குப் போதாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பட்டம் போதவில்லை.

நீ விட்டுப்போன பட்டியை, நீயோ வேறு யாரோ தைத்துவிடக்கூடும் என்பதால், செவ்வாய்க்கிழமை வெட்டிவிட்டேன். என் பழைய கத்தரிக்கோலும் என் மணிக்கட்டும் அரைமணிநேரம் எடுத்தன. துண்டுகளை வாணி கொண்டுவருவாள். அவற்றோடு இன்னொரு பட்டியும் இருக்கும். பழையது, சாம்பல் நிறம், ஒரு முனையில் நான்கு விரல் அகலத்துக்கு ஊசித்துளைகள். உன் அப்பாவின் ஆணி டப்பாவின் அடியில், அவர் போன பிறகு கண்டெடுத்தேன். அவர் அதை எறிந்திருக்கலாம். ஏன் வைத்திருந்தார் என்று பலமுறை யோசித்தேன். எனக்கு எதிரான சாட்சியாக என்றால் அதை உனக்கு எப்போதோ காட்டியிருப்பார். நான் ஒருநாள் பேசுவேன், அன்று கையில் ஏதாவது இருக்கட்டும் என்று வைத்திருந்திருக்கலாம். அவர் என்மேல் வைத்த கடைசி நம்பிக்கை அது. அவர் இருக்கும்வரை நான் அதைக் காப்பாற்றவில்லை. துளைகளில் இன்னும் நூல் மிச்சம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

நீ இனி என்னோடு கதைப்பாயோ இல்லையோ தெரியாது. உனக்கு அதில் பழக்கம் உண்டு. நான் அதைக் கேட்டு இதை எழுதவில்லை. அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று வாணி சொன்னாள். உன் அப்பாவின் பெயரை முழுப்பெயராக, முதலெழுத்தோடு போடு. ஒரு பெயருக்குத்தான் இடம் காணும் என்றால், என்னுடையதை எடுத்துவிடு.

அம்மா